ஹெரால்டு பின் கண்ணாடிக்கு பிளாஸ்டிக்: அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

கிண்டி_ஹெரால்டு

வணக்கம். 1960களின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. கண்ணாடி நிலவரம் இது:

பின் கண்ணாடி இல்லை, வெறும் ஓட்டையும் காய்ந்த ரப்பரும்தான். இடது பின் பக்கவாட்டுக் கண்ணாடியில் விரிசல். இரண்டு கதவுக் கண்ணாடியிலும் மேலிருந்து கீழாகக் கீறல். ஒரு வென்ட் கிளாஸ் (கதவின் முன் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி) காணோம். முன் கண்ணாடி நன்றாக இருக்கிறது. இருக்கிற கண்ணாடிகளை வெர்னியரில் பார்த்தால் 5 மி.மீ. சுமாராக வருகிறது.

3 மி.மீ. லெக்சான் ஷீட் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்கிறார்கள். உடையாது, எடையும் குறைவு என்று காரணம். செய்யலாமா? எந்த ஷீட், எத்தனை மி.மீ., எப்படி வெட்டுவது?

தகடு_வெட்டி

"எல்லாவற்றையும்" என்பதை முதலில் விடுங்கள் சார். ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனி முடிவு.

ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு கண்ணாடி மேலும் நெடுக்காக, குறுக்காக, மூலைக்கு மூலை என்று வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் வெளிச்சம் கசியாவிட்டால் அது தட்டைக் கண்ணாடி. தட்டையாக இருக்கிற எதற்கும் பிளாஸ்டிக் பக்கம் போகாதீர்கள். 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் டெம்ப்ளேட் வெட்டி, வண்டியில் வைத்து ஏற்றி இறக்கிச் சரிபார்த்து, டஃபன் பண்ணும் (சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கண்ணாடியை வலுவாக்கும்) யூனிட்டில் கொடுத்தால் 5 மி.மீ. டஃபன்டு கண்ணாடியாகவே வரும். ஓட்டை, மூலை வளைவு, விளிம்பில் பென்சில் பாலிஷ் எல்லாம் டஃபன் பண்ணுவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். அடுப்பிலிருந்து வந்தபின் அரை மி.மீ. கூட அரைக்க முடியாது, மொத்தமும் பொடிப்பொடியாகப் போய்விடும். அதனால்தான் டெம்ப்ளேட்டை வண்டியிலேயே சரிபார்க்கச் சொல்கிறேன்.

கதவுக் கண்ணாடிக்கு பிளாஸ்டிக் ஏன் வேண்டாம்? கண்ணாடி ஓடும் ஃபெல்ட் சேனலில் எப்போதும் மண் இருக்கும். கண்ணாடி ஏறி இறங்கும்போது அந்த மண்தான் உப்புத்தாள். நிஜக் கண்ணாடியிலேயே உங்களுக்குக் கோடு விழுந்திருக்கிறது. கோட்டிங் இல்லாத பாலிகார்பனேட் என்றால் சில மாதங்களில் மங்கிவிடும்.

இன்னொன்று, விறைப்பு. கண்ணாடியின் நெகிழ்வுக் குணகம் சுமார் 70 ஜிகாபாஸ்கல். அக்ரிலிக்குக்கு 3.2, பாலிகார்பனேட்டுக்கு 2.4. அதே தடிமனில் பாலிகார்பனேட் கிட்டத்தட்ட 30 மடங்கு அதிகமாக வளையும். வளைவது தடிமனின் மும்மடிப்படி மாறும் என்பதால் 5-க்குப் பதில் 3 மி.மீ. போட்டால் இன்னும் நாலரை மடங்கு கூடும். நெடுஞ்சாலையில் போனால் கண்ணாடி மேல்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு நிற்கும், காற்று விசிலடிக்கும்.

ஆக பிளாஸ்டிக் பேச வேண்டியது பின் கண்ணாடிக்கு மட்டும். அது வளைவு, அச்சு இல்லாமல் யாரும் டஃபன் பண்ணித் தர மாட்டார்கள்.

அம்பத்தூர்_ஷீட்

மேலே சொன்னது சரி. பொருளைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் கடையில் "லெக்சான்" என்று கேட்டால் ஒளி புகும் எதையும் தூக்கிக் கொடுப்பார்கள். லெக்சான், மேக்ரோலான் இரண்டும் பாலிகார்பனேட்டின் பிராண்ட் பெயர்கள். பெர்ஸ்பெக்ஸ், பிளெக்சிகிளாஸ் இரண்டும் அக்ரிலிக்.

கையில் இருப்பது எது என்று தெரிய ஓரத்தில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டுங்கள். குறடில் பிடித்து மடக்கினால் அக்ரிலிக் டக்கென்று முறியும். பாலிகார்பனேட் மடங்கிக் கிடக்கும், முறியாது. நெருப்பில் காட்டினால் அக்ரிலிக் பழ வாசனையோடு சடசடவென்று தொடர்ந்து எரியும். பாலிகார்பனேட் கரும்புகை விட்டு, நெருப்பை எடுத்ததும் அணையும். தரையில் போட்டால் தகரம் மாதிரிச் சத்தம் கேட்டால் அது பாலிஸ்டைரீன், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாலிகார்பனேட்: அடித்தாலும் உடையாது. ஆனால் மேற்பரப்பு மென்மை, எளிதில் கீறும். யுவி பூச்சு இல்லாவிட்டால் நம் வெயிலில் மஞ்சளாகி மங்கும். பூச்சு பல ஷீட்டுகளில் ஒரு பக்கம்தான் இருக்கும். ஷீட்டின் மேல் ஒட்டி வரும் மாஸ்கிங் ஃபிலிமில் அச்சடித்திருப்பார்கள், அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். ஃபிலிமை உரித்தபின் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் வெட்டும் முன்பே விளிம்பில் கண்ணாடி மார்க்கரால் அடையாளம் போட்டுவிடுங்கள்.

அக்ரிலிக்: வெயிலைத் தானாகவே தாங்கும், மஞ்சளாவது மிகக் குறைவு. கீறல் விழுந்தாலும் பாலிஷ் போட்டு எடுக்கலாம். அடித்தால் பெரிய கூரான துண்டுகளாக உடையும்.

ஹார்டு கோட்டிங் உள்ள பாலிகார்பனேட் என்று ஒரு வகை உண்டு. கீறலைத் தாங்குவது அதுதான். ஆனால் சூடுபடுத்தி வளைத்தால் கோட்டிங் பொடிந்துவிடும், வளைப்பதற்கென்றே செய்த கிரேடு தவிர. கீறல் விழுந்தால் பாலிஷும் போட முடியாது. கோட்டிங் போன இடம் போனதுதான்.

கூரைக்குப் போடும் காம்பாக்ட் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். தூரத்தில் நின்று அதன் வழியே ஒரு மின்கம்பத்தைப் பார்த்தால் கம்பம் நெளியும். பின்னால் வரும் லாரியும் அப்படித்தான் நெளியும்.

யாழ்_மைனர்

தகடு வெட்டி அண்ணை சொன்னதிலை ஒரு சின்னத் திருத்தம். தட்டைக் கண்ணாடி எல்லாத்தையும் டஃபன் பண்ணலாம் எண்டில்லை. வென்ட் கண்ணாடி மாதிரிச் சின்னத் துண்டை அவை எடுக்க மாட்டினம். அடுப்புக்குள்ளை கண்ணாடி உருளையளுக்கு மேலை ஓடுறது. துண்டு குறைஞ்சது ரண்டு மூண்டு உருளையிலையாவது ஒரே நேரத்திலை இருக்க வேணும், இல்லாட்டி இடையிலை சரிஞ்சு விழும். முக்கோணத்தின்ரை கூர் மூலையும் அதுக்குள்ளை அடிபட்டு வெடிக்கும்.

லாமினேற்றட் கண்ணாடி எண்டால் எந்த அளவிலையும் வெட்டலாம். ஆனால் கடையிலை லேசாக் கிடைக்கிறது 6.38 மி.மீ., அதாவது 3 மி.மீ. கண்ணாடி ரண்டுக்கு நடுவிலை 0.38 மி.மீ. படலம். 5 மி.மீ. கண்ணாடிக்குச் செய்த சட்டத்துக்குள்ளை அது போகாது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 ரண்டிலையும் இதே பிரச்சினைதான். இங்கை அந்தக் கார்கள் இன்னும் ஓடுறபடியால் வென்ட்டுக்கு 5 மி.மீ. பொலிகாபனேற் போடுறதுதான் நடைமுறை. அது மேலை கீழை ஓடுறதில்லை, சட்டத்துக்குள்ளை அசையாமல் இருக்கும், கீறல் விழ இடம் குறைவு. மூலையளை மட்டும் 5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி விடுங்கோ.

தகடு_வெட்டி

சரிதான் அண்ணை, வென்ட்டை மறந்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன், வென்ட்டுக்கு பாலிகார்பனேட்.

கிண்டி சார், பின் கண்ணாடிக்கு வருவோம். இன்னொரு ஹெரால்டு உங்களுக்குத் தெரிந்தவரிடம் இருக்கிறதா? அதன் பின் கண்ணாடியில் இரண்டு அளவு வேண்டும். ஒன்று, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நேர்க்கோட்டுத் தூரமும், நடுவில் அந்தக் கோட்டிலிருந்து கண்ணாடி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும். இரண்டு, ஓரத்தில் மட்டும் 200 மி.மீ. நீளத்துக்கு அதே அளவு. மேலிருந்து கீழாகவும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

கிண்டி_ஹெரால்டு

நண்பரின் வண்டியில் எடுத்தேன். முழு அகலம் 1000 மி.மீ., நடுவில் விலகல் 100. ஓரத்தில் 200 மி.மீ.க்கு விலகல் 20. மேலிருந்து கீழாக ஸ்கேல் ஒட்டி உட்காருகிறது, வெளிச்சம் தெரியவில்லை.

தகடு_வெட்டி

மேலிருந்து கீழ் நேராக இருப்பது பெரிய நிம்மதி. ஒரே திசை வளைவு. இரண்டு திசையிலும் வளைந்திருந்தால் வேலையே வேறு.

கணக்கு: தூரத்தின் வர்க்கத்தை விலகலின் 8 மடங்கால் வகுத்து, விலகலில் பாதியைக் கூட்டினால் ஆரம். முழு அகலத்துக்கு 10,00,000 ÷ 800 = 1250, கூட 50; ஆக 1300 மி.மீ. ஓரத்துக்கு 40,000 ÷ 160 = 250, கூட 10; ஆக 260 மி.மீ.

சூடு காட்டாமல் கையால் வளைத்துச் சட்டத்தில் மாட்டுவதற்கு ஒரு எல்லை உண்டு. பாலிகார்பனேட்டுக்குத் தடிமனின் 100 மடங்கு ஆரம் என்பது கடைசி எல்லை. 150 மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. 4 மி.மீ. தகட்டுக்கு 600 மி.மீ. நடுப்பகுதி 1300, தாராளமாகப் போகும். ஓரம் 260, 3 மி.மீ. போட்டாலும் போகாது. கையால் அழுத்தினால் வளையத்தான் வளையும், அன்றைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் வெளிப்பக்கம் நிரந்தர இழுவிசையில் நிற்கும். கொஞ்சம் பெட்ரோல் ஆவி, கொஞ்சம் தின்னர், கண்ணாடி துடைக்கும் நீல ஸ்பிரே, ஏதாவது ஒன்று பட்டால் போதும், ஓரத்தில் முடி முடியாய் விரிசல் கிளம்பும். அக்ரிலிக் இன்னும் மோசம், அதற்கு 200 மடங்குக்கு மேல் வேண்டும். சில தயாரிப்பாளர்கள் 330 என்றே எழுதுகிறார்கள்.

ஆகவே உங்களுக்குச் சூட்டில் வளைத்தே தீர வேண்டும். இந்த வண்டிக்கு என் ஓட்டு 5 மி.மீ. செல் காஸ்ட் (இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஊற்றி வார்த்த) அக்ரிலிக்.

ட்ராக்_டே_ராஜா

அக்ரிலிக்கா? பின்னாடி இருந்து யாராவது இடிச்சா கத்தி கத்தியா உள்ள வருமே ப்ரோ. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போற வண்டியில அக்ரிலிக்கோட போனா வண்டியைச் சோதிக்கற ஸ்க்ரூட்டினியர் திருப்பி அனுப்பிடுவார்.

தகடு_வெட்டி

ரேஸ் வண்டி என்றால் பாலிகார்பனேட்தான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. இது ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் வண்டி. 1950களில் எம்.ஜி.ஏ., ட்ரயம்ப் டி.ஆர்.3 வண்டிகளின் சைடு ஸ்கிரீன்களிலும் (கழற்றி மாட்டும் பக்க ஜன்னல்), மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200-இன் கூண்டிலும் தொழிற்சாலையே அக்ரிலிக்தான் போட்டது. பின் சீட்டில் பிள்ளைகள் உட்காருவார்கள் என்றால் உங்கள் வாதம் ஜெயிக்கும், அப்போது பாலிகார்பனேட்டே போடட்டும். ஆனால் அதை வளைப்பதற்கு முன் உலர்த்த வேண்டும், அங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். அம்பத்தூர் அதை எழுதட்டும்.

அம்பத்தூர்_ஷீட்

எழுதுகிறேன். இரண்டுக்கும் அடுப்பு வேண்டும். பவுடர் கோட்டிங் போடும் இடத்தில் 1.5 மீட்டர் அடுப்பு இருக்கும். அவர்கள் வேலை முடிந்த மாலை நேரத்தில் கேளுங்கள். காற்றுச் சுழற்சி ஃபேன் ஓட வேண்டும். உள்ளே பவுடர் தூசி இருந்தால் சூடான தகட்டில் போய் ஒட்டும், திரும்ப வராது. முதலில் காலியாகச் சூடேற்றி, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அடுப்பின் மீட்டரை நம்பாதீர்கள். தகடு தொங்கும் இடத்தில் தனியாக ஒரு தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) வையுங்கள்.

அச்சு: நண்பரின் கண்ணாடி மேல் 100 மி.மீ.க்கு ஒரு அட்டை வைத்து வளைவை எடுத்து, 18 மி.மீ. எம்.டி.எஃப்.-இல் விலா எலும்புகள் வெட்டுங்கள். மேலே 3 மி.மீ. பிளைவுட் தோல், ஆணித் தலை வெளியே தெரியாமல். அதன் மேல் சுருக்கமில்லாமல் ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டுங்கள். துணியின் ஒரு மடிப்பு கூட தகட்டில் பதியும். குமிழ்ந்த பக்கம் மேலே இருக்கிற மாதிரி அச்சு வையுங்கள். துணி படுவது கண்ணாடியின் உள்பக்கமாக இருக்கட்டும். அச்சு நீங்கள் வெட்டப்போகும் அளவைவிட நாலு பக்கமும் 60 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும்.

அக்ரிலிக்: செல் காஸ்ட் என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் (உருக்கித் தள்ளி, உருளையில் இழுத்த) தகடு முதல் சூட்டில் உருட்டிய திசையில் மட்டும் அதிகமாகச் சுருங்கும்; செல் காஸ்ட் இரு திசையிலும் சுமார் 2 சதவீதம். அதனால் தகட்டை நாலு பக்கமும் 50 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். மாஸ்கிங் ஃபிலிமை உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, நீளமான ஒரு விளிம்பில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். 160 டிகிரி. 5 மி.மீ.க்கு 15 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். கனமான ரப்பர் பாய் மாதிரித் துவளும்போது தயார். 175-ஐத் தாண்டினால் குமிழ் வரத் தொடங்கும். இரண்டு பேர், புதுப் பருத்திக் கையுறை, ஓரத்தை மட்டும் பிடித்து அச்சு மேல் போட வேண்டும். அடுப்பிலிருந்து அச்சு வரை நாலடிக்கு மேல் தூரம் வேண்டாம். ஃபேன், ஜன்னல் காற்று எதுவும் வேண்டாம். அரை நிமிடம்தான் உங்கள் கையில். ஓரங்களை மரச்சட்டமும் க்ளாம்பும் வைத்து அழுத்தி, மேலே கம்பளி போர்த்தி, 60 டிகிரிக்குக் கீழே வரும்வரை தொடாதீர்கள். அவசரப்பட்டு எடுத்தால் ஓரங்கள் விரிந்துவிடும்.

பாலிகார்பனேட்: இது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். உலர்த்தாமல் 180 டிகிரிக்குக் கொண்டுபோனால் தகடு முழுக்க சோடாக் குமிழி. முதலில் ஃபிலிமை உரித்து 120 டிகிரியில் உலர்த்த வேண்டும். 3 மி.மீ.க்கே நாலு மணி முதல் ஏழு மணி நேரம், 5 மி.மீ. என்றால் பல தயாரிப்பாளர்கள் 15 மணிக்கு மேல் சொல்கிறார்கள். தடிமன் இரட்டித்தால் நேரம் நாலு மடங்கு. பவுடர் கோட்டிங் அடுப்பை இரவு முழுக்க யார் தருவார்கள்? அங்கேதான் விஷயம் அக்ரிலிக் பக்கம் சாய்கிறது. உலர்த்தியபின் சூட்டோடு சூடாக வளைத்துவிட வேண்டும், மறுநாள் என்று வைத்தால் மறுபடி ஈரம் ஏறும். அச்சு மேல் வெறுமனே படிய வைக்க 160 முதல் 170 போதும். அக்ரிலிக்கைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும், அச்சையும் 80 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள்.

ட்ராக்_டே_ராஜா

வெட்டுற வேலைக்கு நான் சொல்றேன். வளைச்சு முடிச்ச பிறகுதான் வெட்டணும்.

ஜிக்ஸா போதும். அங்குலத்துக்கு 10–12 பல் இருக்கிற பிளேடு, ஆர்பிட்டல் (பிளேடு முன்னும் பின்னும் ஆடற செட்டிங்) பூஜ்யம், வேகம் நடுத்தரம். தகட்டை அச்சு மேலயே வெச்சு க்ளாம்ப் பண்ணி வெட்டுங்க. அந்தரத்துல வெச்சு வெட்டினா பிளேடு மேல தூக்கும்போது அக்ரிலிக் கிழிஞ்சிடும். வேகம் ஏத்தினா இன்னொரு கூத்து: வெட்டின இடம் பிளேடுக்குப் பின்னாடியே உருகி ஒட்டிக்கும். கோட்டுக்கு 2 மி.மீ. வெளிய வெட்டிட்டு, டெம்ப்ளேட்டை டபுள் டேப்ல ஒட்டி, ட்ரிம் ரவுட்டர்ல பேரிங் பிட் போட்டு ரெண்டு பாஸ்ல எடுத்துடுங்க. ஜிக்ஸாவோட அடித்தட்டுக்குக் கீழ மாஸ்கிங் டேப் ஒட்டறதை மறக்காதீங்க.

விளிம்புதான் உயிர். ஹேக்ஸா பிளேடோட முதுகால சீவி, 220, 400, 600 தண்ணித்தாள், ரெண்டு பக்கமும் அரை மி.மீ. சாம்ஃபர் (விளிம்புச் சரிவு). ரம்பத்தோட பல் தடம் ஒண்ணு விட்டாலும் விரிசல் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். டார்ச்ல விளிம்பைச் சுட்டுப் பளபளப்பாக்கறது அக்ரிலிக்குக்கு மட்டும். பாலிகார்பனேட்ல அந்த வேலை வேண்டாம்.

ஓட்டை போடணும்னா ஸ்டெப் ட்ரில் (படிப்படியா அகலமாகற கூம்பு பிட்டு) பெஸ்ட். புது சாதா ட்ரில் பிட்டு அக்ரிலிக்கைக் கடிச்சு இழுத்து உடைச்சிடும். வெட்டுமுனையைச் சாணையில லேசா மழுங்கடிச்சு, அடியில பலகை வெச்சுப் போடணும். ஓட்டை விளிம்புல இருந்து குறைஞ்சது ஓட்டை விட்டத்துல ரெண்டு மடங்கு தள்ளி.

அம்பத்தூர்_ஷீட்

வெட்டி முடித்தபின் அக்ரிலிக்கை 80 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து உள்ளேயே ஆறவிட்டால் வெட்டியதால் வந்த இழுவிசை அடங்கும். அச்சு மேல் வைத்தே செய்யுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்ததும் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடுகிறது என்று புலம்புவார்கள்.

கிண்டி_ஹெரால்டு

நன்றி, எல்லாருக்கும். அளவு எப்படி எடுப்பது? நண்பரின் கண்ணாடி அளவுக்கே வெட்டினால் போதும்தானே?

தகடு_வெட்டி

போதாது. கண்ணாடி அளவுக்கே வெட்டினால் மே மாதம் நடுவில் உப்பும்.

அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.07 மி.மீ. விரியும். கண்ணாடி 0.009 தான். உங்கள் தகடு வளைவோடு சேர்த்து 1100 மி.மீ. என்று வையுங்கள். கராஜில் 25 டிகிரியில் வெட்டுகிறீர்கள், வெயிலில் நிற்கும் வண்டியில் தகடு 65-க்குப் போகிறது. 1.1 × 40 × 0.07, கிட்டத்தட்ட 3 மி.மீ. ஆகவே அகலவாட்டில் பக்கத்துக்கு 1.5 மி.மீ., மேல்கீழ் பக்கத்துக்கு 1 மி.மீ. சிறிதாக வெட்டுங்கள். ரப்பரின் உதடு எவ்வளவு மூடுகிறது என்று அளந்து, குளிர்ந்த நிலையிலும் 8 மி.மீ. உள்ளே இருக்கிற மாதிரிப் பாருங்கள்.

போல்ட் போடும் இடத்திலும் இதே கணக்குதான். 5 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை. உள்ளே தகட்டின் தடிமனைவிட அரை மி.மீ. நீளமான ஸ்டீல் குழாய்த் துண்டு ஒன்று, இரு பக்கமும் இ.பி.டி.எம். (வெயில் தாங்கும் செயற்கை ரப்பர்) வாஷர். நட்டை முறுக்கினால் குழாய் மேல் உட்கார வேண்டும், பிளாஸ்டிக்கை நசுக்கக் கூடாது. நட்டு தளராமல் இருக்கத் த்ரெட் லாக்கர் ஊற்றிவிடாதீர்கள்! பாலிகார்பனேட்டில் பட்டால் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள்.

யாழ்_மைனர்

ரப்பரையும் சொல்ல வேணும். சந்தையிலை விக்கிற பீடிங்கிலை பாதி பி.வி.சி. அதுக்குள்ளை இருக்கிற எண்ணெய் மெல்ல மெல்லப் பிளாஸ்ரிக்குக்குள்ளை இறங்கி ஓரமெல்லாம் வெடிக்கப் பண்ணும். இ.பி.டி.எம். எண்டு கேட்டு வாங்குங்கோ.

சோதிக்கிறதெண்டால், செப்புக் கம்பியை காஸ் நெருப்பிலை சிவக்கக் காய்ச்சி, பீடிங்கிலை தொட்டு, திரும்ப நெருப்பிலை பிடியுங்கோ. நெருப்புப் பச்சையா எரிஞ்சால் அதுக்குள்ளை குளோரின் இருக்கு: பி.வி.சி. அல்லது நியோபிரீன். இ.பி.டி.எம். எண்டால் பச்சை வராது. காத்தோட்டமான இடத்திலை செய்யுங்கோ, அந்தப் புகை கூடாது.

மாட்டேக்கை மண்ணெண்ணெய், கிரீஸ், டபிள்யூ.டி.-40 ஒண்டும் வேண்டாம். சோப்புத் தண்ணி மட்டும். ரப்பர்க் காடிக்குள்ளை 4 மி.மீ. நைலோன் கயிறைச் சுத்தி, ஒராள் வெளியாலை உள்ளங்கையாலை அமத்த, மற்றாள் உள்ளுக்கிருந்து கயிறை இழுக்க வேணும். கண்ணாடியிலை செய்யிற மாதிரித்தான். ஆனால் பிளாஸ்ரிக் வளையிறபடியால் ஒரு மூலையை அமத்த மற்ற மூலை கழண்டு வரும், மூண்டாவது ஆள் தேவை.

தண்ணி ஒழுகினால் புளிச்ச வாசனை அடிக்கிற சிலிக்கன் வேண்டாம். நியூட்ரல் கியூர் எண்டு போட்டதை வாங்குங்கோ.

ட்ராக்_டே_ராஜா

100 கி.மீ. வேகத்துக்கு மேல ஓட்டுவீங்கன்னா பின் கண்ணாடிக்கு வெளியே ரெண்டு அலுமினியப் பட்டி மேலிருந்து கீழா, 25 மி.மீ. அகலம் 2 மி.மீ. தடிமன், அடியில ரப்பர். வேகத்துல வெளிய காத்தழுத்தம் குறையும், ஜன்னல் வேற திறந்திருந்தா உள்ள அழுத்தம் ஏறும். கண்ணாடி தன் விறைப்பால ரப்பருக்குள்ள நிக்கும். பிளாஸ்டிக் நடுவுல உப்பி, ஓரம் சுருங்கி வெளிய பறந்துடும். பட்டியைத் தகட்டுல போல்ட் பண்ணாதீங்க, பாடியில பண்ணுங்க.

மதுரை_ஜீப்

இடையில் ஒரு கேள்வி. ஜீப் ஹூட்டில் பின் ஜன்னலுக்கு இந்த ஷீட் ஆகுமா?

அம்பத்தூர்_ஷீட்

ஆகாது. அதற்கு மடங்கும் பி.வி.சி. கிளியர் ஷீட், 0.75 அல்லது 1 மி.மீ. தையல் 4–5 மி.மீ. இடைவெளியில் இருக்கட்டும், நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரிக் கிழியும். குளிர்காலக் காலையில் ஹூட்டை மடக்காதீர்கள். வெயிலில் சூடான இரும்புக் கம்பி ஷீட்டில் படும் இடத்தில் பழுப்புக் கோடு விழும், கம்பிக்குத் துணி சுற்றுங்கள்.

கிண்டி_ஹெரால்டு

சட்டப்படி? எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போனால் பிளாஸ்டிக் பின் கண்ணாடியை விடுவார்களா?

தகடு_வெட்டி

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100 பாதுகாப்புக் கண்ணாடியோ, தரச்சான்று பெற்ற பாதுகாப்பு க்ளேசிங்கோ (பிளாஸ்டிக் சேர்ந்த கண்ணாடி) கேட்கிறது. முன் கண்ணாடி லாமினேட்டட். முன், பின் இரண்டிலும் ஒளி 70 சதவீதமாவது புக வேண்டும், பக்கவாட்டில் 50. கண்ணாடி மூலையில் ஐ.எஸ். 2553 முத்திரை தேடுவார்கள். கடையில் வாங்கி வெட்டிய அக்ரிலிக்கிலோ பாலிகார்பனேட்டிலோ அந்த முத்திரை இருக்காது. ஒளி அளவு பிரச்சினையே இல்லை, தெளிவான அக்ரிலிக் 92 சதவீதம் விடும். முத்திரைதான் கேள்வி. பதிவைப் புதுப்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரே கேட்டுவிடுங்கள். எங்காவது ஒரிஜினல் கண்ணாடி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கி, பிளாஸ்டிக்கை ரேஸ் நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். முன் கண்ணாடிக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பிளாஸ்டிக் போடாதீர்கள். வைப்பர் ஒரே மழையில் அரைத்துவிடும், இரவில் எதிரே வரும் விளக்கெல்லாம் சிதறும்.

கிண்டி_ஹெரால்டு

புரிந்தது. அப்படியானால் கதவும் பக்கவாட்டும் டஃபன்டு, வென்ட் 5 மி.மீ. பாலிகார்பனேட், பின்னால் 5 மி.மீ. செல் காஸ்ட். சன் ஃபிலிம் ஒட்டலாமா? பிறகு கீறல் விழுந்தால்?

அம்பத்தூர்_ஷீட்

பாலிகார்பனேட்டில் ஃபிலிம் ஒட்டினால் தகட்டிலிருந்து வெளிவரும் ஈரமும் வாயுவும் அடியில் தங்கிக் கொப்புளம் கொப்புளமாய் எழும்பும். அக்ரிலிக்கிலும் வரும். ஒட்டாதீர்கள்.

கீறல்: நகம் மாட்டாத அளவு என்றால் பிளாஸ்டிக் பாலிஷ் போதும். நகம் மாட்டினால் 800, 1200, 2000 தண்ணித்தாள், ஒவ்வொன்றும் முந்தினதற்குக் குறுக்குத் திசையில், பிறகு பாலிஷ். ஒரே இடத்தில் தேய்க்காதீர்கள், குழி விழுந்து அந்த இடம் லென்ஸ் மாதிரி ஆகிவிடும். உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பித் தேயுங்கள். மெஷின் பஃப் என்றால் மெதுவான வேகம், தொட்டால் சூடு தெரியக் கூடாது.

துடைப்பது எப்போதும் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவியபின்தான். குழந்தை ஷாம்பூ இரண்டு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி. அம்மோனியா உள்ள நீல ஸ்பிரே வண்டிக்குள்ளேயே இருக்கக் கூடாது. கழுவும் இடத்துப் பையன் நல்லெண்ணத்தில் அடித்துவிடுவான்.

கிண்டி_ஹெரால்டு

கடைசியாக: வளைத்தபின் வெட்டும்போது மாஸ்கிங் ஃபிலிம் இருக்காதே, கீறாதா?

அம்பத்தூர்_ஷீட்

ஆறியதும் இரண்டு பக்கமும் பசை குறைந்த ப்ரொடெக்‌ஷன் ஃபிலிமை மறுபடி ஒட்டிவிடுங்கள். ஸ்டீல் ஷீட்டுக்கு ஒட்டுவார்களே, அதே நீல ஃபிலிம். வெட்டுவது, தேய்ப்பது எல்லாம் அதோடு. 80 டிகிரி அடுப்புக்குப் போகும் முன் உரித்து, வந்தபின் புதிதாக ஒட்ட வேண்டும். ரப்பரில் மாட்டும் அன்று ஓரத்தில் 25 மி.மீ. மட்டும் உரித்து, நடுவை அப்படியே விட்டு மாட்டுங்கள். மாட்டி முடித்த அன்றே மீதியையும் உரித்துவிட வேண்டும். ஒரு வாரம் வெயிலில் நின்றால் பசை தகட்டில் சுட்டுக்கொள்ளும், அதை எடுக்கத் தின்னரைத் தேடுவீர்கள்.